சத்தம் வேறு, சக்தி வேறு: டர்போ காரின் மூச்சுப் பாதையை மாற்றும் முன்...

இரவு பதினொரு மணிக்குக் கிள்ளான் மேரு சாலை ஓரம் நின்றால், வருவது எந்தக் கார் என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். தூரத்திலேயே உறுமல் கேட்கும். அருகில் வந்து மிதியிலிருந்து காலை எடுத்ததும் பட்டாசு வெடிப்பது போல் படபடவென்று ஓசை எழும். கடந்து போன பிறகு, பக்கத்துத் தாமானில் தூங்கிக் கொண்டிருந்த குழந்தை எழுந்து அழும்.

அந்தக் காரை ஓட்டியவர் பெரும்பாலும் வசதி படைத்தவர் அல்லர். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ கூடுதல் நேர வேலை செய்து, ஒன்பது ஆண்டுக் கடனில் காரை வாங்கி, தீபாவளிப் போனஸை எக்ஸோஸ்டில் கொட்டியவராகவே இருப்பார். அவர் தேடியது கூடுதல் சக்தி. பல வேளைகளில் அவருக்குக் கிடைப்பது கூடுதல் சத்தம் மட்டுமே.

காற்று உள்ளே வரும் பாதையையும் புகை வெளியே போகும் பாதையையும் சீர் செய்தால் டர்போ காரின் சக்தி கூடும் என்பது உண்மைதான். ஆனால், எதை மாற்றினால் எது கூடும், எது கெடும் என்ற கணக்கு தெரியாமல் கை வைத்தால் பணமும் போகும், எஞ்சினும் போகும்.

டர்போ என்பது என்ன?

விறகு அடுப்பில் சமைத்த தோட்டத்துப் பாட்டிகளுக்கு இது புதிய விஷயமல்ல. அடுப்பு மந்தமாக எரிந்தால் ஊதாங்குழலால் ஊதுவார்கள். விறகு அதேதான், காற்றுதான் கூடியது. நெருப்பு சட்டென்று எழும். எஞ்சினுக்குள் நடப்பதும் அதுதான். கூடுதல் காற்று போனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், கூடுதல் சக்தி கிடைக்கும்.

இந்த ஊதாங்குழலை ஊதுவது யார்? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே ஊதுகிறது. வெளியே பாயும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. இந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது.

ஒரு காலத்தில் டர்போ என்றால் மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன், சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். என்று சில விளையாட்டுக் கார்கள்தாம் நினைவுக்கு வரும். இன்று நிலைமை வேறு. 2016-இல் இங்கு வந்த ஹோண்டா சிவிக், 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021-இல் வந்த பெரோடுவா அதிவா என சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் டர்போ இருக்கிறது. அதே 2021-இல் வந்த டொயோத்தா ஜி.ஆர். யாரிஸ், 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினிலேயே 261 குதிரைத் திறனைத் தருகிறது. கைக்கு எட்டும் விலையில் டர்போ வந்ததால், அதைத் ‘தட்டி எழுப்பும்’ ஆசையும் கூடவே வந்துவிட்டது.

32 மில்லிமீட்டர் சொல்லும் பாடம்

காற்றுப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேசியாவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2002-ஆம் ஆண்டு நம் நாட்டின் கரம்ஜிட் சிங், புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலி போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன் ஆனார். லான்சர் எவோலூஷனை அடிப்படையாகக் கொண்ட அந்தக் காரில் இருந்தது 2 லிட்டர் டர்போ எஞ்சின்.

அந்தப் பிரிவில் ஓடிய டர்போ கார்களுக்கு ஒரு விதி இருந்தது. டர்போவிற்குள் போகும் காற்று முழுவதும் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அது பழைய 50 காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய துவாரம். டர்போ எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், அந்தத் துவாரத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் கூடுதலாக நுழைய முடியாது. இப்படி ஒரே ஒரு வளையத்தைப் போட்டு எல்லாக் கார்களின் சக்திக்கும் உச்ச வரம்பு கட்டினார்கள்.

உலகப் பட்டத்தை வென்ற காரும் மூச்சை அடக்கித்தான் ஓடியது. இருக்கும் காற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் ஓட்டுநரின் திறமையும் மெக்கானிக்கின் திறமையும் வெளிப்பட்டன.

உள்ளே வரும் காற்று

1.5 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழலும்போது, டர்போ இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 4,500 லிட்டர் காற்றை விழுங்கும். தோட்டங்களில் இருந்த ஆயிரம் கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பும் அளவு அது. டர்போ அழுத்தத்தை இரு மடங்காக்கினால் வெளியிலிருந்து இழுக்கப்படும் காற்றும் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே, வடிகட்டி அடைத்திருந்தால் டர்போ மூச்சுத் திணறும்.

இங்கிருந்துதான் ‘ஓப்பன் ஃபில்டர்’ ஆசை தொடங்குகிறது. தொழிற்சாலை கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துவிட்டு, காளான் வடிவ வடிகட்டியை எஞ்சின் அறையில் திறந்தவாறு பொருத்துகிறார்கள். டர்போ காற்றை இழுக்கும் ‘உஸ்’ ஓசை நன்றாகக் கேட்கும். கார் வேகமாகிவிட்டது போல் தோன்றும்.

ஆனால் காற்றின் அளவு மட்டும் போதாது, குளிர்ச்சியும் வேண்டும். காற்றின் வெப்பம் சுமார் மூன்று பாகை செல்சியஸ் கூடும்போது அதன் அடர்த்தி ஒரு விழுக்காடு குறையும். கோலாலம்பூரில் பகல் வெப்பமே 33 பாகை. மாலை ஆறு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரின் எஞ்சின் அறையில் 60 பாகையைத் தொடுவது வியப்பில்லை. அந்த அறைக் காற்றையே எஞ்சின் சுவாசித்தால், வெளிக்காற்றுடன் ஒப்பிடும்போது அடர்த்தியில் சுமார் எட்டு விழுக்காடு போய்விடும். அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும். வேண்டாத பொருள் என்று பலர் கழற்றி எறியும் பிளாஸ்டிக் பெட்டி, காரின் முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டு வருவதற்காகவே வைக்கப்பட்டது.

அப்படியானால் குழாயை நீட்டி, முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வடிகட்டியை வைக்கலாமே என்று சிலர் கேட்கலாம். குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது சரி. ஆனால் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைக் கண்டவர்கள் சற்று யோசிக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மணி நேர மழைக்கே சாலையில் முழங்காலளவு நீர் நிற்கும் இடங்கள் உண்டு. தாழ்வாக இருக்கும் வடிகட்டி நீரில் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கம்பி வளையும். அத்துடன் எஞ்சினின் கதை முடிந்தது.

பெரும்பாலான பயன்பாட்டிற்குப் போதுமானது எளிய வழிதான். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். புகைமூட்டக் காலத்திலும் மண் லோரிகள் ஓடும் சாலைகளிலும் ஓட்டுபவர்கள் இன்னும் சீக்கிரமாகவே மாற்ற வேண்டும். எண்ணெய் தடவும் பருத்தி வடிகட்டியைப் பயன்படுத்துவோர் எண்ணெயை அளவோடு தடவ வேண்டும். அளவு மீறினால் அது காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து, எஞ்சினுக்குத் தவறான கணக்கைக் கொடுக்கும்.

மறக்கப்படும் இன்டர்கூலர்

சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைப் பலர் கவனித்திருப்பர். அழுத்தினால் காற்று சூடாகும் என்பது இயற்கை. 33 பாகையில் இருக்கும் காற்றை இரு மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டு சென்றால், ஏட்டுக் கணக்கின்படியே வெப்பம் 100 பாகையை எட்டும். நடைமுறையில் அதையும் தாண்டும். இந்தச் சூட்டைத் தணிப்பதுதான் இன்டர்கூலரின் வேலை.

சூடான காற்று உள்ளே போனால் ‘நொக்கிங்’ எனப்படும் தட்டல் வரும். அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாகவே வெடிக்கும். அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். அதைத் தவிர்க்க, காரின் கணினியான ஈ.சி.யு. தானே சக்தியைக் குறைத்துவிடும். ஐரோப்பியக் குளிரில் நன்றாக ஓடும் அதே கார், நம் ஊர் வெயிலில் மூன்றாவது முறை அழுத்தி ஓட்டும்போது சோர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். நம் வெப்பத்தில், சத்தமே போடாத நல்ல இன்டர்கூலர் ஒன்று, சத்தம் போடும் பல பொருள்களைவிட அதிகப் பயன் தரும். வெளியே யாருக்கும் தெரியாது என்பதால்தான் அதை வாங்குவோர் குறைவு.

வெளியே போகும் புகை

எக்ஸோஸ்டைப் பற்றிப் பட்டறைகளில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பின்னழுத்தம் இல்லாவிட்டால் இழுவை குறையும் என்பார்கள். டர்போ இல்லாத கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரிய குழாய் போட்டதும் கீழ்ச் சுற்றில் இழுவை குறைந்ததைப் பார்த்து வந்த பேச்சு அது. டர்போ எஞ்சினுக்கு அது பொருந்தாது. டர்போவின் சக்கரத்திற்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது எளிதாகச் சுழலும். ஆகவே டர்போவிற்குப் பின்னால் வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் ‘டவுன்பைப்’ பற்றிப் பேசுவார்கள். டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய் அது. நெரிசல் அங்கேதான் அதிகம். காரின் பின்னால் தெரியும் மஃப்லரை மட்டும் மாற்றுவது, வீட்டுக்குள் அடைத்த சாக்கடையை விட்டுவிட்டு வாசலில் பெரிய கால்வாய் வெட்டுவதற்குச் சமம். சத்தம் மாறும், சக்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

டவுன்பைப்பில் ஒரு சிக்கல் உண்டு. பல கார்களில் ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்’ அதில்தான் இருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் கண்களில் பூசப்பட்ட பிளாட்டினம், பெலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் நச்சு வாயுக்களைப் பெருமளவு நீக்குகின்றன. அதில் மிக ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. கன்வெர்ட்டரை நீக்கி, வெல்டிங்கும் சரியில்லாமல் கசிந்தால், நிறுத்தி வைத்த காரில் குளிர்சாதனத்தைப் போட்டுக் கொண்டு தூங்குபவருக்கு அதுவே எமனாகலாம்.

சக்தியும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி உண்டு. கண்கள் சற்று அகலமாக உள்ள, தரமான ‘ஸ்போர்ட்ஸ் கேட்’ பொருத்திய டவுன்பைப்புகள் கிடைக்கின்றன. விலை அதிகம்தான். மலிவாகக் கிடைக்கும் வெற்றுக் குழாயில் கன்வெர்ட்டரே இருக்காது என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். கழற்றிய பழைய கன்வெர்ட்டரைப் பட்டறையிலேயே விட்டு வருவதும் தவறு. அதிலுள்ள உலோகங்களுக்காகவே அதற்கு நல்ல விலை உண்டு. பிறகு காரைப் பழைய நிலைக்கு மாற்றவும் அது வேண்டும்.

மூளையை மாற்றாமல் மூக்கை மாற்றினால்...

இவ்வளவும் செய்த பிறகும் சிலருக்குச் சக்தி கூடுவதில்லை. காரணம், இன்றைய கார்களின் ஈ.சி.யு. இவ்வளவு இழுவைதான் தர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. வழி தாராளமானால் டர்போ எளிதில் சுழலும், உடனே ஈ.சி.யு. ‘வேஸ்ட்கேட்’ என்ற கதவைத் திறந்து புகையை வேறு வழியில் விட்டு, பழைய அளவுக்கே கொண்டு வந்துவிடும். டர்போ சீக்கிரம் விழித்துக் கொள்ளும், உச்ச சக்தியோ அவ்வளவாக மாறாது.

சில கார்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வேஸ்ட்கேட் சிறியதாக இருந்தால், தாராளமான புகையை அதனால் திருப்பிவிட முடியாது. டர்போ அழுத்தம் கட்டுக்கு மேல் ஏறும். ஈ.சி.யு. பெட்ரோலை நிறுத்திக் காரை முடக்கும், அல்லது எஞ்சின் அடி வாங்கும்.

ஆகவே டவுன்பைப் மாற்றுபவர் ஈ.சி.யு. கணக்கையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். அதை ‘டைனோ’ எனும் உருளை இயந்திரத்தில் காரை ஏற்றி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். வேறொருவரின் காருக்கு எழுதிய கோப்பை மலிவாக வாங்கி ஏற்றிக் கொள்வது, பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டில் மருந்து வாங்கிச் சாப்பிடுவது போன்றது. ரோன் 97 பெட்ரோலுக்காகத் திருத்திய காரில், மாதக் கடைசியில் கையில் காசில்லை என்று ரோன் 95 ஊற்றினால் நொக்கிங் வரும். அந்தக் கூடுதல் பெட்ரோல் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மிதியை விட்டதும் வெடிக்கும் படபட ஓசையும் பெரும்பாலும் ஈ.சி.யு. திருத்தத்தில் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதுதான். எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் எக்ஸோஸ்டில் எரிகிறது. அதனால் ஒரு குதிரைத் திறன்கூடக் கூடாது. மாறாக, கன்வெர்ட்டரின் ஆயுளும் டர்போவின் ஆயுளும் குறையும்.

சட்டமும் காப்புறுதியும்

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டு வந்த வாகன இரைச்சல் தொடர்பான சுற்றுச்சூழல் விதிமுறைகளும் எக்ஸோஸ்ட் சத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. சாலைத் தடுப்புச் சோதனைகளில் காவல் துறை, ஜே.பி.ஜே., சுற்றுச்சூழல் துறை ஆகியவை சேர்ந்தே நிற்பதுண்டு. மாற்றியமைத்த எக்ஸோஸ்டால் இரைச்சல் எழுப்புவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம் என்று 2021-இல் காவல் துறை எச்சரித்திருந்தது.

இரைச்சலின் கணக்கும் ஏமாற்றக்கூடியது. டெசிபல் அளவில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு அது சுமார் இரு மடங்காகக் கேட்கும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. அடுக்குமாடி வீட்டில், இரவு வேலை முடித்துப் படுத்திருப்பவருக்குத் தெரியும்.

காரை விற்கும்போது உரிமை மாற்றத்திற்குச் சோதனை உண்டு. இ-ஹெய்லிங் ஓட்டும் கார்கள் மூன்று வயதைக் கடந்தால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாத கார் சோதனையில் மாட்டிக் கொள்ளக்கூடும்.

தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதமும் கேள்விக்குறியாகும். ஈ.சி.யு.வைத் திருத்திய தடயம் சேவை மையத்தின் கணினியில் தெரிந்துவிடக்கூடும். டர்போ கெட்டால் செலவு கார்க்காரரின் தலையில்தான். காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது தகராறைக் கிளப்பலாம். அப்போது காரும் இருக்காது, வங்கித் தவணை மட்டும் தொடரும்.

எதை முதலில் செய்வது?

ஆசையை அடக்க முடியாது என்பவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் காரை ஆரோக்கியமாக்க வேண்டும். நல்ல எஞ்சின் எண்ணெய், புதிய ஸ்பார்க் பிளக், சுத்தமான வடிகட்டி, கசிவில்லாத டர்போ குழாய்கள். இரண்டாவது, பிரேக்கும் டயரும். கூடுதல் வேகத்தை நிறுத்த முடியாத கார் யாருக்கும் வேண்டாம். மூன்றாவது இன்டர்கூலர். அதன் பிறகே கன்வெர்ட்டருடன் கூடிய டவுன்பைப், டைனோவில் ஈ.சி.யு. திருத்தம். எது சட்டப்படி செல்லும் என்பதை முன்கூட்டியே ஜே.பி.ஜே.யிடம் கேட்டறிய வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வேகத்தைச் சோதிக்க இடம் இல்லாமல் இல்லை. 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் நடத்தப்படுகின்றன. தலைக்கவசம் போட்டுக் கொண்டு, எதிரே லோரி வராத சாலையில் ஓட்டலாம். மெய்யான சக்தி எது, வெறும் சத்தம் எது என்பதை அங்குள்ள கடிகாரம் சொல்லிவிடும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. காற்று, வெப்பம், எரிபொருள் ஆகிய மூன்றையும் கணக்குப் பார்த்து ஒரு காரைத் திருத்தத் தெரிந்தவர், பட்டறை எடுபிடியாக இருக்க வேண்டியதில்லை. வாகனத் துறையில் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி, எஸ்.பி.எம். தேர்வில் பெரிய மதிப்பெண் இல்லாதவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. எக்ஸோஸ்டில் போகும் போனஸ் பணத்தில் ஒரு பங்கு அந்தப் பயிற்சிக்குப் போனால், காரின் மீதுள்ள அதே மோகம் சோறு போடும் தொழிலாகவும் மாறும்.

கார்க் கடன் ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டும் எஞ்சின் ஓட வேண்டும், ஓட்டுபவரும் ஒவ்வோர் இரவும் வீடு திரும்ப வேண்டும். கையில் உள்ள பணத்தை எந்தக் குழாயில் போடுவது என்று பட்டறை வாசலில் யோசிப்பவர், முதலில் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.